தண்ணீரையும் சேர்த்து நிறுக்கவும்

நெடுங்கரை நாட்டில் ஐவிரல் இலை முதலில் வெறும் செடியாகத்தான் இருந்தது. வேலியோரம் முளைத்தது. சிலர் புகைத்தார்கள். சிலர் வலிக்குப் பயன்படுத்தினார்கள். ஆடுகள் காரணம் சொல்லாமல் தின்றன.

புதிதாகப் பட்டத்துக்கு வந்த மன்னர் அதைக் குற்றமாக்கினார். எடைக்கு ஏற்ற தண்டனை. கைப்பிடி அளவுக்குக் கசையடி. ஒரு மணங்கைத் தாண்டினால் ஆயுள் முழுக்கத் தீவுச் சிறை.

கடத்துகிறவர்கள் இலையை மாவிலும் வெல்லத்திலும் கலந்தார்கள். அமைச்சர் ஆழ்ந்து யோசித்து ஓர் ஆணை பிறப்பித்தார். இலை எதில் கலந்திருக்கிறதோ அதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

அரசுக் கல்குவாரியில் இடுப்பு நசுங்கியவன் நாச்சிமுத்து. அவன் மனைவி பூவாத்தா ஒரு பானை வெந்நீரில் இரண்டு இலை போட்டு அவன் இடுப்பில் ஊற்றி வந்தாள். வலியில் கத்துகிறவன் திடீரென்று அமைதியானால் சந்தேகப்படும்படி காவலர்களுக்கு உத்தரவு இருந்தது. ஒருநாள் வந்துவிட்டார்கள்.

மன்றத்தில் பானையை நிறுத்தார்கள். ஒன்றேகால் மணங்கு.

கட்டிலோடு தூக்கி வரப்பட்ட நாச்சிமுத்து சொன்னான்: “எசமான், அதுல பூராவும் தண்ணிங்க. அடுப்புல வெச்சா வத்திரும். எடை கொறஞ்சுக்கும்.”

“சான்றைக் கொதிக்க வைப்பது தனிக் குற்றம்,” என்றார் நீதிபதி.

“ஊருக் கெணத்துத் தண்ணிங்க சாமி,” என்றாள் பூவாத்தா. “எல்லாரும் அதைத்தான் குடிக்கறோம்.”

“நீர் குற்றமற்றதே, அம்மணி. அது சேர்ந்த இடம் சரியில்லை.”

தீர்ப்புக்கு முன் இன்னொரு வழக்கு குறுக்கிட்டது. மன்னரின் சம்பந்தி நடத்தும் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இலை பிடிபட்டிருந்தது. ஆணைப்படி துறைமுகத்தையும் சேர்த்து நிறுக்க வேண்டும். அவ்வளவு பெரிய தராசு அரசிடம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்தார். எடை தெரியாத குற்றத்துக்குத் தண்டனை விதிக்க இயலாது. சம்பந்தி கைகூப்பிவிட்டுப் போனார். மூட்டைகளும் போயின.

பிறகு பூவாத்தாளுக்குத் தீவுச் சிறை என்று வாசித்தார்கள்.

“நான் போயிட்டா இவரை யாருங்க பொரட்டிப் படுக்க வெக்கறது?” என்று கேட்டாள் அவள். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

நாச்சிமுத்து முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். “தொறமொகத்துக்காரரை மட்டும் உட்டுட்டீங்களே, எசமான்.”

“துறைமுகம் தராசில் ஏறவில்லை. உங்கள் பானை ஏறியது. சட்டத்தின் முன் தராசு ஒன்றுதான்.”

பூவாத்தா தராசைப் பார்த்தாள்.

“அப்ப, கொஞ்சமா வெச்சிருந்ததுதானுங்களா நான் பண்ணுன தப்பு?”

நீதிபதி சட்டநூலைத் திறந்தார். நேர்மையானவர் என்று நாட்டில் அவருக்குப் பெயர் உண்டு. முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார்.

“ஆம்,” என்றார்.