அறுபத்தைந்தாம் வருடத்துக் கட்டம்

காஜா பெராங், மலாக்கா
18.10.1957

மரியாதைக்குரிய சாரதாம்பாள் அக்காவுக்கு, தம்பி கலியாணசுந்தரம் வணங்கி எழுதுவது. இவ்விடம் நானும் என் சைக்கிளும் நலம். அவ்விடம் தங்கள் நலனுக்கும் அத்தானின் முழங்காலுக்கும் கோயிலில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எனக்குப் பார்த்து அனுப்பிய பத்து பெரெண்டாம் ஊர்ப் பெண்ணின் படம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்திருப்பீர்கள். போன மாதம் வரை அது சரிதான். இந்த மாதக் காரணம் கல்வி இலாகா. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் இலாகாவுக்கு எதிர்காலத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. அறுபத்தைந்து வரை வருடந்தோறும் முதலாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள் என்று கேட்டுக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எண்ணிக்கை இறங்கினால் எங்கள் தமிழ்ப் பள்ளியைக் குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். டவுன் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். இங்கே பள்ளி இருக்காது. தலைமையாசிரியர் நான் மட்டும் இருப்பேன்.

அறுபத்துநாலு வரை சிரமமில்லை. அந்தப் பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், பிடித்து எண்ணிவிட்டேன். கடைசிக் கட்டந்தான் தொல்லை. அறுபத்தைந்தில் ஏழு வயதாகி வர வேண்டியவர்கள் வருகிற வருடந்தான் பிறக்க வேண்டும். எனவே வீடு வீடாகக் கிளம்பினேன். முதலில் கம்போங் செட்டி, மலாக்காச் செட்டிகள் வாழும் குடியிருப்பு. நமக்குப் பல தலைமுறை முந்தி வந்தவர்கள்; கோயிலுக்கும் விபூதிக்கும் குறைவில்லை, பேச்சு மட்டும் மலாய். அவர்களில் தேவதாஸ் பிள்ளை பலகாரம் கொடுத்து மலாயில் சொன்னார்: "சாமிக்குத் தமிழ் தெரியும், வாத்தியாரே. எங்களுக்கு மலாய் தெரியும். இதுவரைக்கும் எங்களுக்குள்ள சண்டை வந்ததில்ல." இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அடுத்து லாரி ஓட்டும் தியாகுவின் வீடு. அவர் மனைவி பூங்காவனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆவாத ஆளு வந்து எத்தன மாசம்னு கேக்குறீங்களே, நல்லாவா இருக்கு?"

"இலாகா கேக்குதும்மா."

"இலாகாவுக்கு வேற வேல இல்லியா? சரி, மாசியிலன்னு எழுதிக்குங்க."

உள்ளேயிருந்து தியாகு குரல் கொடுத்தார்: "ஊர்ல உள்ளவன்லாம் பிள்ள பெத்துக் குடுக்கணும், சார் சைக்கிள்ல வந்து எழுதிக்கிட்டுப் போவாரு! ஒங்க பங்கு எங்க சார்?"

அக்கா, நீங்களும் பதினோரு வருடமாக இதையேதான் கேட்கிறீர்கள். ஆனால் புள்ளிவிவரத்தோடு கேட்டதில்லை. இதில் கூத்து என்னன்னா, நான் வீடு வீடா விசாரிக்கிறது மார்க்கெட் வரைக்கும் பரவி, மீன்கடையில ஒரு அம்மா கையை நீட்டி, ஆணா பொண்ணா சொல்லுங்க சார்னு நிக்கிறாங்க, இல்லம்மா நான் ஜோசியர் இல்ல வாத்தியார்னா, ரெண்டும் வருங்காலத்தச் சொல்ற வேலதானேங்கிறாங்க. அவர்கள் சொன்னதிலும் தவறில்லை. ஆண், பெண் என்று இலாகாவும் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறது.

ஆகவே, எனக்குச் சம்மதம். பள்ளிக்காகத்தான். கல்யாணத்தைத் தையில் வையுங்கள். பங்குனிக்குத் தள்ளினால் பிள்ளை அறுபத்தாறில் விழும். அந்த வருடத்தை இலாகா கேட்கவில்லை. அறுபத்தைந்தாம் கட்டத்தில் பூங்காவனத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பென்சிலில் எழுதிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் வாய்ப்பாடு மறக்காமல் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

பணிவுள்ள தம்பி,
கலியாணசுந்தரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதால் நானே போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். சிவகாமசுந்தரி காப்பியை வைத்துவிட்டு, "சார், ஒரே ஒரு கண்டிஷன். பிள்ளைங்கள இங்கிலீஷ் ஸ்கூல்லதான் போடணும்" என்றாள். தாய்மொழியைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கட்டத்தில் எனக்கென்று போட்ட ஒன்றை ரப்பரால் அழித்துவிட்டேன். இனிக் கல்யாணம் பங்குனிக்குப் போனாலும் இலாகாவுக்கு நஷ்டமில்லை. இருந்தாலும் தையிலேயே வையுங்கள்.