எண்பத்திரண்டு சென்டிமீட்டர்

காலை ஆறேகாலுக்கு டெலிபோன் அலறியதில் ரோமெட்டின் காப்பி பாதி சட்டைக்குப் போனது.

"லாவெனெக் பனி அளவு நிலையமா? தலைமை அலுவலகத்திலேருந்து மார்கிரைட்டர் பேசறேன். வாழ்த்துகள் சார்! இந்த வருஷம் மாகாணத்திலேயே நம்பகமான பனி அளவீட்டாளர் நீங்கதான்."

"நானா?"

"நீங்களேதான். கீழே பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். எட்டு மணிக்கு முதல் லிஃப்ட்ல மேலே வந்துடுவேன். அளவுகோல் பக்கத்துல உங்களை நிக்கவெச்சு ஒரு போட்டோ எடுக்கணும். இன்னிக்கு நீங்க பதிவு பண்ணாதீங்க, ஒரு நாள் ரேடியோவுக்குத் தாமதமானா பரவாயில்லை, அளவை நானே பார்த்து ஏத்திடறேன். சும்மா கேக்கறேன், எவ்வளவு இருக்கும்?"

ரோமெட் பழக்கதோஷத்தில் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எண்பத்திரண்டு."

போனை வைத்த பிறகுதான் 'அளவுகோல் பக்கத்துல' என்றது உறைத்தது.

சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் கம்பி லிஃப்டின் மெக்கானிக்கான ரோமெட் பத்தொன்பது வருடங்களாக ஊரின் பனி அளவையும் பார்த்து வருகிறார். தினமும் விடியுமுன் லிஃப்டில் உச்சிக்குப் போய், அங்கிருந்து இருபது நிமிடம் மூச்சு வாங்க ஏறி, கோலில் தெரியும் அளவைக் குறித்து வந்து, ஏழு மணிக்குள் அலுவலக வலைப்பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஏழரைக்கு ரேடியோவில் ஊர்ப் பெயரோடு வாசிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் சறுக்க வருகிறவர்கள் எந்த ஊருக்குக் காரைத் திருப்புவது என்று முடிவு செய்வார்கள். நிலையம் பறிபோனால் ரேடியோவில் ஊர்ப் பெயர் வராது. வராவிட்டால் ஓட்டல்காரர்கள் ரோமெட்டை உயிரோடு விடமாட்டார்கள்.

டிசம்பரில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. அன்றிலிருந்து அவர் மேலே ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஆட்டுப் பட்டியின் வேலி தெரியும். ஒரு பலகை இருபது சென்டி. எத்தனை பலகை, மிச்சம் எத்தனை சென்டி மறைந்திருக்கிறது என்று கண்ணளவில் எண்ணி, மலைக்காக ஒரு முப்பதைச் சேர்த்து அனுப்பிவிடுவார்.

"பூர்கி, அளவுகோல் எங்கே?"

அவர் மனைவி திரும்பாமலே ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். "சுத்தம் பண்ணணும்னு டிசம்பர்ல நீங்கதானே பிடுங்கிட்டு வந்தீங்க? கணப்புக்குப் பின்னாடி இருக்கு. உங்க கம்பளிக் கால்சட்டை எல்லாம் அதுலதான் காயுது."

"அரசாங்கக் கோல் அது!"

"அரசாங்கக் கால்சட்டைன்னு நினைச்சுக்கோங்க. ரெண்டு மாசமா தேடாதவருக்கு இன்னிக்கு என்ன திடீர்ப் பாசம்?"

ரோமெட் கோலை உருவினார். ஒரு வாரத்துக் கம்பளிகள் சூப் பாத்திரத்தின் மேல் விழுந்தன. பூர்கி என்ன சொன்னாள் என்பதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

ஏழு மணிக்கு, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச, அளவிடும் மேட்டில் நின்றார். இரண்டு மீட்டர் கோலைத் தரை தட்டும்வரை பனியில் இறக்கினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

நாற்பத்தேழு.

இரண்டு நாளாக அடித்த காற்று மேட்டை வழித்துக்கொண்டு போயிருந்தது. நேற்று அவர் எண்பத்து நான்கு என்று அனுப்பியிருந்தார்.

மண்வெட்டியை எடுத்தார். கோலைச் சுற்றி அள்ளிப் போட்டு, தட்டி, மெழுகி, எண்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது, மொட்டை மேட்டின் நடுவே யாரோ ஒரு கல்யாண கேக்கை வைத்துவிட்டுப் போனது போலிருந்தது.

கேக்கை அகலமாக்க ஒரு ஆள் போதாது. சறுக்குப் பாதையைச் சமன் செய்யும் வண்டி ஓட்டும் லாம்பெர்ட்டுக்குப் போன் போட்டார்.

லாம்பெர்ட் வண்டியோடு வந்து இறங்கி, கேக்கையும் ரோமெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னண்ணே இது, யாரையாவது புதைச்சிருக்கீங்களா?"

"பேசாதே. இந்த மேடு பூரா முப்பத்தஞ்சு சென்டி ஏத்தணும்."

"பனிக்கு எங்கே போறது?"

"பாதையிலேருந்து கொஞ்சம் தள்ளு."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்!"

லாம்பெர்ட்டுக்குக் கொஞ்சம் என்பது தெரியாது. அவன் வண்டிக்கும் தெரியாது. மூன்று தள்ளு தள்ளியதில் மேடு மலையாகிவிட்டது. கோலின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோல் காட்டிய அளவு நூற்றெழுபது.

"அடப்பாவி, நிறுத்து!"

"நீங்கதானே ஏத்தச் சொன்னீங்க? அண்ணே, இன்னொண்ணு. பாதையில இப்ப புல்லு தெரியுது."

"எவ்வளவு?"

"ஒரு பசு மாடு மேயலாம்."

கோலை மேலே இழுத்தால் எண்பத்திரண்டில் நிறுத்திவிடலாம் என்று ரோமெட்டுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் புத்தி தடுமாறியிருந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். கோலை மேலே இழுத்தால் எண் குறையும், அது சரி. ஆனால் வண்டி அழுத்திய பனி சிமென்ட் மாதிரி பிடித்திருந்தது. கயிறு கட்டி, வண்டியில் மாட்டி, "மெதுவா" என்றார். லாம்பெர்ட் மெதுவாகத்தான் இழுத்தான். படார் என்று ஒரு சத்தம். மேல் பாதி கயிற்றோடு வந்தது. கீழ்ப் பாதி பூமியோடு இருந்தது.

"மேல் பாதியையே நட்டுடலாம்ணே. யாருக்குத் தெரியும்?"

நட்டார்கள். மேல் பாதியில் எண்களே நூற்றுப்பத்திலிருந்துதான் தொடங்கின. எவ்வளவு மேலோட்டமாக நட்டாலும் நூற்றிருபதுக்குக் கீழே வரவில்லை.

எட்டரைக்கு, கையில் காமிராவும் முகத்தில் சிரிப்புமாக மார்கிரைட்டர் ஏறி வந்தாள். பனிமலையைப் பார்த்தாள். பாதிக் கோலைப் பார்த்தாள். தூரத்தில் பச்சையாகத் தெரிந்த பாதையைப் பார்த்தாள். லாம்பெர்ட் ஏற்கெனவே வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"சார், இது..."

ரோமெட் தொப்பியைக் கழற்றினார். பத்தொன்பது வருடம் முடிந்தது என்று நினைத்தார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். டிசம்பர்லேருந்து நான் இங்கே வரவேயில்லை. முழங்கால் சரியில்லை. வீட்டு ஜன்னல்லேருந்து ஆட்டுப் பட்டி வேலியைப் பார்த்துக் குத்துமதிப்பாத்தான் அனுப்பறேன். என்னை எடுத்துடுங்க. ஆனா ஊர்ப் பெயரை எடுத்துடாதீங்க. வேற ஆளைப் போடுங்க."

மார்கிரைட்டர் காமிராவைக் கீழே இறக்கினாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"இருக்காது சார். நான் ரெண்டு மாசக் கணக்கையும் வரி வரியாப் பார்த்தவ. இந்தப் பள்ளத்தாக்குல இன்னும் மூணு நிலையம் இருக்கு. தினமும் நீங்க நாலு பேரும் ரெண்டே சென்டி வித்தியாசத்துல ஒத்துப்போறீங்க. மூணு மனுஷங்க மூணு மலை ஏறி, ஒரே மாதிரி எப்படித் தப்புப் பண்ண முடியும்?"

"நானும் அதைத்தான் யோசிக்கறேன் மேடம்."

"உங்க கண்ணு சாதாரணக் கண்ணு இல்லை சார்!" கையுறையைக் கழற்றிவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். "அளவுகோலே தேவையில்லாத ஒரு முறையைக் கண்டுபிடிச்சுட்டு, தன்னடக்கமா மறைக்கறீங்க. போட்டோவை ஜன்னல் பக்கத்துல எடுத்துக்கலாம். சொல்லுங்க, ஒரு பலகை எத்தனை சென்டி?"

"இருபது," என்றார் ரோமெட். அவருக்கே தன் கண்ணின் மேல் லேசாக ஒரு மரியாதை வந்திருந்தது. முதுகு நிமிர்ந்தது.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பக்கத்து ஊர் டாஸ் நிலையத்தின் அளவீட்டாளர் குவிரின். விரல் விறைத்திருந்ததில் ரோமெட் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் குவிரினின் குரல் மலையெங்கும் எதிரொலித்தது.

"டேய் ரோமெட், செத்துட்டியாடா? மணி எட்டரை ஆச்சு, உன் நம்பர் இன்னும் ஏறலை, ரேடியோவுல நாலு ஊர்ப் பேரும் போச்சு. நீ ஒண்ணு போட்டாத்தானேடா நாங்க மூணு பேரும் ரெண்டைக் கூட்டியோ குறைச்சோ அனுப்ப முடியும்!"