ஏழாம் நம்பர் காட்டுக் குருவிக்கூடு

கீழ் கோத்தகிரி,
19-5-1999.

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் செல்லதுரை அவர்களுக்கு, மைத்துனன் தேவநேசன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மெட்டில்டாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும் அக்காவும் அவ்வண்ணமே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அக்காவின் முழங்கால் வலிக்குப் புதுத் தைலம் கேட்கிறதா? இங்கே மூன்று வாரமாக மழையும் மூட்டமும்தான். சுகம் என்று மேலே எழுதியதில் என் பங்கை மட்டும் கொஞ்சம் குறைத்து வாசித்துக்கொள்ளவும்.

அத்தான், விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்துநாலு வருஷம் எஸ்டேட் ஆபீசில் குப்பை கொட்டிவிட்டுப் போன ஜனவரியில் நான் ரிட்டயர் ஆனபோது, தாங்கள் வந்து என் கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டினீர்கள். அதோடு விட்டிருக்கலாம். பிலோமி டீச்சர் நடத்தும் பறவைப் பாதுகாப்புக் குழுவில் என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சர்க்கரைக்கு நடந்த மாதிரியும் ஆச்சு, ஊருக்கு உழைச்ச மாதிரியும் ஆச்சு" என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டீர்கள். குழு என்றால் மாதம் ஒரு கூட்டம், ஒரு டீ, ஒரு பன் என்று நம்பிப் போனேன். அங்கே என்னையும் சேர்த்து நாலே பேர். மற்ற மூவருக்கும் வேலை இருக்கிறது. ஆகவே சும்மா இருப்பவன் என்ற தகுதியில் எஸ்டேட் முழுவதும் என் பொறுப்பாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் வேலையை ஆரம்பித்த முதல் வாரமே பாறைமேல் ஒரு கரும்பறவை இருக்கக் கண்டு, கிட்டே போய்ப் பார்த்து எழுதலாம் என்று போனேன். பாறை எழுந்து நின்றது. அது காட்டெருமை, முதுகில் இருந்தது மைனா. ஓடி வந்து, மூச்சு வாங்குவது நின்றபின் மைனாவைக் கணக்கில் எழுதினேன். எருமைக்குப் படிவத்தில் இடமில்லை.

அது போகட்டும். அடுத்த வாரம் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு மேலே நின்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் மூக்கம்மா என்பவள் கூடையோடு விறுவிறுவென்று ஏறி வந்து, "ஏனுங்க கிளார்க்கய்யா, ஆபீசுல இருந்தப்போதான் எங்களக் கண்காணிச்சீங்க. இப்பவும் என்னத்துக்குங்க கண்ணாடி போட்டுப் பாக்கறீங்க?" என்றாள். கீழே பத்துப் பதினைந்து பெண்கள் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. "குருவி பார்க்கிறேன் அம்மா" என்றால் யார் நம்புவார்கள்? கண்ணாடியைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். திருப்பித் தரும்போது கோபம் இறங்கியிருந்தது. "சிரிக்கற குருவியா தேடறீங்க? அதோட கூடு கீழ வரிசையிலயே இருக்குதுங்களே" என்றாள்.

அவள் காட்டிய தேயிலைச் செடிக்குள் நான் தலையை விட்டுப் பார்த்தேன். பாசியும் வேரும் வைத்துக் கட்டிய சின்னக் கிண்ணம். அதற்குள் நீல நிறத்தில் இரண்டு முட்டை. பிலோமி டீச்சரிடம் சொன்னதும் அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். நீலகிரி சிரிப்பானாம். இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். "சார், குஞ்சு பொரிச்சுப் பறக்கற வரைக்கும் அது உங்க பொறுப்பு" என்றாள். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது இடுப்பு வலிக்கிறது. ஏனென்றால் பதினேழாம் தேதி திங்கட்கிழமை ஏழாம் நம்பர் காட்டில் கவ்வாத்து. கவ்வாத்து என்றால் தங்களுக்குத் தெரியும், செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்கிவிடுவார்கள். கூடு எங்கே மிஞ்சும்? கூட்டை விட்டு வெட்டுவார்களா என்று மூக்கம்மாவைக் கேட்டதற்கு, "இந்த வருசம் வேற டிவிசன் ஆளுக வர்றாங்க. அவங்க எப்படியோ எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மேனேஜர் துரையைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனால், என் நாற்காலியில் நான் தொழில் பழக்கிவிட்ட ஆறுமுகசாமி உட்கார்ந்திருக்கிறான். வணக்கமெல்லாம் சரியாகச் சொன்னான். மனுவைப் படித்துவிட்டு, "ஐயா, எந்தச் செடின்னு குறிப்பிடலீங்களே. அடையாளம் இல்லாம மனு வாங்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க" என்றான். எட்டாயிரம் செடியில் ஒரு செடிக்கு நான் எந்த அடையாளத்தை எழுதுவேன்? வீட்டுக்கு வந்து மெட்டில்டாவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு முழம் கிழித்துக்கொண்டுபோய்ச் செடியில் கட்டினேன். 'சிவப்புத் துணி கட்டிய செடி' என்று மனுவில் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் ஒரு வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போய்ப் பார்த்தால் அத்தான், செடிக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம். மறுநாள் சூடம் கொளுத்திய தட்டு. அதற்கு மறுநாள் மூன்று கல்லை நட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஏழாம் நம்பர் அம்மன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. வேம்பு இல்லாத ஊரில் எங்கிருந்தோ வேப்பிலை வந்திருந்தது. துணி கட்டியது யார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். சபை உபதேசியார் வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைக் குடித்துவிட்டு, "தேவநேசன், ரிட்டயர் ஆனால் மனசு கொஞ்சம் தடுமாறும், நான் கண்டிருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். மெட்டில்டா துணி தன் ரவிக்கை என்பதை அப்போதுதான் அறிந்தாள். இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு ஓய்வாக இருந்தது என்பதை அக்காவிடம் சொல்லவேண்டாம்.

மூக்கம்மாவைப் பிடித்துக் கேட்டேன். "நாந்தானுங்க ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வெச்சேன். துணியும் பழமும் இருந்தா எவனும் கத்தி வெக்கமாட்டானுல்ல. மிச்சமெல்லாம் அவங்களா வெச்சதுங்க" என்றாள். அவள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் செடி தப்பிக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைக்கிறோம் என்று மேளத்துக்கும் சொல்லிவிட்டார்கள். தாய்க்குருவி ஏற்கெனவே ஆள் அரவத்துக்குக் கூட்டைவிட்டுப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மேளம் அடித்தால் திரும்பவே வராது, முட்டை குளிர்ந்துபோகும் என்று பிலோமி டீச்சர் அழாக்குறையாகச் சொன்னாள். கத்திக்குத் தப்பிய முட்டை மேளத்துக்குத் தப்பவேண்டாமா?

ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகாமல் ஏழாம் நம்பர் காட்டுக்குப் போனேன். நாற்பது பேர் இருப்பார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மனுக்குக் கட்டிய துணியை வேதக்காரனாகிய நான் அவிழ்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. துணியை அவிழ்த்தேன். "இது சாமி இல்லைங்க. இதுக்குள்ளே குருவிக்கூடு இருக்கு. அடையாளத்துக்கு நான்தான் துணி கட்டினேன். முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லலை. என்னை மன்னிச்சுக்கங்க" என்று சொன்னேன். மேளக்காரர் மேளத்தைத் தரையில் வைத்தார். கூட்டத்திலிருந்து ஒச்சப்பன் வந்தார். இந்த வருஷம் கவ்வாத்துக்கு வந்திருக்கும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. கிளையை இரண்டு விரலால் விலக்கிக் கூட்டைப் பார்த்தார். அப்படியே மூடிவிட்டு, "இதுக்கா இத்தன பாடு? கூடு இருக்கற செடியில நாங்க என்னிக்குங்க கத்தி வெச்சோம்?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். "வருசா வருசம் காட்டுக்கு அஞ்சாறு செடி வெட்டாம நிக்குமே, பாத்ததில்லீங்களா? அத்தனையும் கூட்டுச் செடிங்க. குஞ்சு பறந்தப்புறம் போய் வெட்டுவோம்."

பார்த்ததில்லை, அத்தான். ஆனால் எழுதியிருக்கிறேன். விடுபட்ட செடிகளுக்கு விளக்கம் கேட்டு வருஷம் தவறாமல் மெமோ அடித்தவன் நான். அலட்சியம் என்று அடித்திருக்கிறேன். ஒச்சப்பனுக்கே இரண்டு முறை என் கையெழுத்தில் போயிருக்கிறது. "ஏன்யா, கூடுன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "ஆபீசுல சிரிப்பீங்கன்னு இருந்துட்டோமுங்க" என்றார். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். சிரித்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். பொங்கலைத் தள்ளிப் போய்ப் பம்பு செட்டுப் பக்கம் வைத்தார்கள். எனக்கும் ஒரு இலையில் கொடுத்தார்கள். சர்க்கரையைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வெட்டு முடிந்து காடு முழுதும் மொட்டையாக, நடுவில் அந்த ஒரு செடி மட்டும் நின்றது. தாய்க்குருவி உள்ளே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவன் இரண்டு நாளாகப் படுக்கையைவிட்டு எழவில்லை. சளி, காய்ச்சல், அட்டைக்கடி. எனக்கு அறுபதை நெருங்குகிறது, அத்தான். இந்த ஊரில் பறவையைக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள், நான் பிறக்குமுன்பிருந்தே இருக்கிறார்கள். ஆகவே குழுவிலிருந்து என் பெயரை அடித்துவிடும்படி பிலோமி டீச்சருக்குத் தாங்களே ஒரு கார்டு போட்டுவிடவும். நான் சொன்னால் அவள் விடமாட்டாள். எழுதிச் சேர்த்தவர் தாங்கள்தானே.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும். ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளும், இனிமேல் மற்றவர்கள் பெயரை எங்கும் எழுதாதிருக்கும் மனமும் தருவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
வே. தேவநேசன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ஒச்சப்பன் வந்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒன்பதாம் நம்பர் காட்டில் கவ்வாத்தாம், மூன்று கூடு பார்த்து வைத்திருக்கிறார்களாம். விட்ட செடிக்கு ஆறுமுகசாமி மெமோ அனுப்பினால் பதில் எழுத ஆள் இருக்கிறது என்று என் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். அந்தப் பதிலை எப்படி எழுதவேண்டும் என்பது இந்த எஸ்டேட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆகவே டீச்சருக்குக் கார்டு போடவேண்டாம். பைனாகுலரை மெட்டில்டா எடுத்துக்கொண்டு மூக்கம்மாவோடு குருவி பார்க்கப் போய்விட்டாள், கேட்டால் தருவதில்லை. இன்னொன்று வாங்கி, மழைக்கோட்டு ஒன்றும் சேர்த்து, அடுத்த புதன்கிழமைக்குள் பஸ்ஸில் கொடுத்தனுப்பவும்.