மச்சான் கொடுத்த கார்

எஞ்சின் கிளம்பிவிட்டது. ஆனால் டாஷ்போர்டில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. பல் டாக்டர் எஞ்சினை அணைத்து, சாவியை மறுபடி திருகினார். அது மறுபடி எரிந்தது.

"சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் ரயில்ல வர்றாங்க," என்றாள் மனைவி. "இப்ப என்ன லைட்டு இது?"

"ஆயில் பிரஷர் கம்மின்னு அர்த்தம்."

"எங்கண்ணன் ராஜா மாதிரி வச்சிருந்து நமக்கு விலைக்குக் குடுத்த வண்டி. இத்தனை வருஷமா எரியாத லைட்டு. நேத்து நீங்க கை வச்சீங்க, இன்னிக்கு எரியுது."

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் இருக்க முடியாத மனிதர் அவர். நேற்று கிளினிக்குக்கு விடுமுறை. டாஷ்போர்டைக் கழற்றித் துடைத்து, இடுக்கியும் சின்னக் கண்ணாடியுமாக உட்கார்ந்து, இருண்டு கிடந்த இடத்தில் எல்லாம் புது பல்பு செருகியிருந்தார். அப்போது எந்த வயரைக் கெடுத்தோமோ என்று இப்போது டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

மச்சான் எப்போது வந்தாலும், "வண்டியை நல்லா பாத்துக்கறீங்களா மாப்பிள்ளை?" என்றுதான் ஆரம்பிப்பார். தங்கையைப் பற்றி அப்படிக் கேட்டதே இல்லை. அவர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

கேனில் இருந்த ஆயில் முழுவதையும் ஊற்றினார். விளக்கு அணையவில்லை. தெருவெல்லாம் நீலப் புகை.

"கொசு மருந்தா டாக்டர்?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"ஆயில் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

"அப்ப கொஞ்சம் இறக்கிடுங்க."

டாக்டர் காருக்கு அடியில் படுத்து, ஆயில் இறக்கும் போல்ட்டைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினார். போல்ட் கையோடு வந்துவிட்டது. வெதுவெதுப்பான ஆயில் முகத்திலும் சட்டையிலும் சாவகாசமாக இறங்கியது.

"கொப்புளிச்சுத் துப்புங்க," என்றாள் மனைவி. நாளெல்லாம் அவர் பிறரிடம் சொல்கிற வார்த்தை அது.

மெக்கானிக் வந்தார். அளவாக ஆயில் ஊற்றினார், சென்சாரை மாற்றினார், கடைசியில் பிரஷர் மீட்டர் வைத்தே பார்த்துவிட்டார்.

"லைட்டு பொய் சொல்லல சார். உள்ள பேரிங் தேஞ்சு போச்சு. நேத்து இன்னிக்கு நடந்ததில்ல, பல வருஷத்துத் தேய்மானம்."

"லைட்டு இன்னிக்குத்தானே வந்துச்சு?"

"அதான் எனக்கும் மண்டை காயுது. ஸ்டேஷனுக்கு மெதுவா போயிட்டு வந்துருங்க. அதுக்கு மேல இதுகிட்ட எதையும் எதிர்பாக்காதீங்க."

ஸ்டேஷனில் மச்சான் முன்சீட்டில் ஏறினார். மனைவியும் அண்ணியும் பின்னால் உட்கார்ந்தார்கள். கார் உருண்டது. மச்சானின் பார்வை சிவப்பு விளக்கில் போய் நின்றது. டாக்டர் வேகத்தை இன்னும் குறைத்தார்.

"மன்னிச்சிடுங்க மச்சான். உங்க வண்டியை நான்தான் கெடுத்துட்டேன்."

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரவால்ல மாப்பிள்ளை. வண்டி வச்சுக்கறதுக்கும் ஒரு கை ராசி வேணும்."

"நான் சொன்னா கேட்டாத்தானே," என்றாள் மனைவி பெருமையாக.

அண்ணி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, விக்கறதுக்கு முந்தின நாள் இந்த பல்பைத்தானே நீங்க கழட்டி எறிஞ்சீங்க? யாரு திரும்ப மாட்டினது?"