நாற்பதாவது மொழி

“முப்பத்தொன்பதுதான் இருக்கு சார்,” என்றான் ஜெஃப்ரி, மூன்றாவது முறையாக.

ஞானதீபம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். துடைத்துப் பார்த்தால் ஒன்று கூடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

“நல்லா எண்ணுனியாலே?”

“மேல இருந்து கீழ ஒரு தடவை, கீழ இருந்து மேல ஒரு தடவை, பென்சில்ல டிக் போட்டு ஒரு தடவை.”

ஜெஃப்ரி அப்படித்தான். பகலில் துறைமுகச் சாலையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் ஞானதீபம் சாரின் மொழிபெயர்ப்பு டிப்ளமோ வகுப்பு. இரண்டுக்கும் சேர்த்து நீல அட்டை போட்ட ஒரே நோட்டு. அன்றன்று நடந்ததை எண் போட்டு எழுதுவான். எழுதியது சரிதானா என்று அடியில் ஒரு சந்தேகமும் எழுதுவான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகும் இது திருச்செந்தூர் பஸ்தானா என்று பக்கத்து ஆளிடம் கேட்கிற ரகம்.

மறுநாள் மாலை வகுப்பின் நிறைவு விழா. அதற்காகச் சுவர் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தாயிற்று. சாப்பிடுவது என்கிற ஒரே ஒரு வினைச்சொல், உலகத்தின் நாற்பது மொழிகளில். ஏன் நாற்பது? நோவா காலத்து மழை நாற்பது நாள், வனாந்தரத்தில் நாற்பது வருஷம் என்பதைத் தவிர சாரிடம் வேறு காரணம் இல்லை. ஒரு சொல்கூடக் கைக்கு வராதபோதே அழைப்பிதழில் ‘நாற்பது மொழிகள்’ என்று அச்சடித்துவிட்டார். தலைப்பை ஆங்கிலத்தில் போட்டார். உலகத் தரம் என்றால் ஆங்கிலம் என்பது சாயர்புரத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தி அவர் கண்டுபிடித்த உண்மை. அல்பேனியனில் தொடங்கி ஜூலுவில் முடிகிற ஆங்கில அகரவரிசை. ஜூலுவுக்கு அடுத்த கட்டம், பல் விழுந்த இடம் மாதிரி, வெள்ளையாகக் கிடந்தது.

“போன்ல பாத்து ஒன்னு போட்டுருவோமா சார்?”

“போன்ல பாத்தா அது மொழிபெயர்ப்பு இல்ல, திருட்டு. அந்த மொழி பேசுற ஊர்ல இருக்குற ஆள்கிட்ட வாயால கேட்டு எழுதணும். அதானே நம்ம வகுப்போட பெருமை?”

பெருமைதான். வகுப்பில் பாதிப்பேர் நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளைகள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பாள். அப்படிச் சித்தியிடமும் மதினியிடமும் கேட்டுச் சேர்த்ததுதான் முப்பத்தொன்பதும்.

இரண்டாம் வரிசையில் இருந்து ஷீஜா கையைத் தூக்கினாள். பள்ளிக்கூட டீச்சர். தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், மாலையில் அதை இலவசமாகச் செய்வாள்.

“சார், ஜெர்மன் கட்டத்துல இருக்குறது மாடு தின்னுறதுக்குச் சொல்ற சொல்லு. அங்க மனுஷன் சாப்பிட்டா ஒரு சொல்லு, மிருகம் தின்னா வேற சொல்லு.”

“யாருலே கேட்டு எழுதுனது?”

“நாந்தான் சார்,” என்றான் ஜெஃப்ரி. “எங்க பெரியம்மா மகன் அங்க மாட்டுப்பண்ணையில இருக்கான். அவன் தினமும் கேக்குற சொல்லு அதுதானாம்.”

“அப்ப முப்பத்தெட்டு,” என்றாள் ஷீஜா இனிமையாக.

சார் ஃப்ளெக்ஸை ஒரு முறை பார்த்தார். அதற்குக் கொடுத்த பணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “கிடக்கட்டும். நம்ம ஊர் கல்யாணப் பந்தியில பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது. ஏலே ஜெஃப்ரி, செயலாளர் நீதான். நாளைக்கு நாப்பதாவது வரலன்னா உன் சான்றிதழ் என் பீரோவுலயே தூங்கும்.”

ஜெஃப்ரிக்கு அந்தச் சான்றிதழ் உடனே வேண்டும். அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை சான்றிதழைக் காட்டினால் அவனுக்கு. காட்டாவிட்டால் மேனேஜரின் மைத்துனனுக்கு. அந்த மைத்துனன் தன் பெயரையே பார்த்துத்தான் எழுதுவான்.

நோட்டைப் புரட்டினான். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் பட்டியலை அன்றாடம் அலுவலகத்துக்காக அதில் குறித்து வைப்பது வழக்கம். பெயர், நிற்கிற தளம், கொடி.

“சார், ஒன்பதாம் தளத்துல பனாமா கப்பல் ஒன்னு நிக்கு.”

சாரின் முகத்தில் விளக்கு எரிந்தது. “பனாமா மொழி நம்மகிட்ட இல்லையே!”

“பனாமாவுல ஸ்பானிஷ்தான் சார் பேசுவாங்க,” என்றாள் ஷீஜா. “அது முப்பத்திரண்டாவது கட்டத்துல இருக்கு.”

“தனியா ஒரு கொடி வச்சிருக்கான். தனியா ஒரு மொழி வச்சிருக்க மாட்டானா? உக்காரும்மா.”

ஷீஜா உட்கார்ந்தாள். உலகத்தில் கொடிகளுக்குச் சமமாக மொழிகள் பிறந்தன.

ஜெஃப்ரி வெளியே வந்து ஷாமுக்குப் போன் போட்டான். ஷாம் கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்க்கிறவன். மாலுமிகளை ஏற்றுவது, இறக்குவது, அவர்கள் காகிதங்களுக்கு முத்திரை வாங்குவது அவன் பிழைப்பு.

“ஏலே ஷாம், அந்தப் பனாமா கப்பல்ல ஒரு ஆளைப் பிடிச்சு, சாப்பிடுறதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்கன்னு கேட்டுச் சொல்லேன்.”

“சொல்லு எதுக்குலே? ஆளே நாளைக்கு எறங்குதாரு. நாந்தான் வெளிய கூட்டிட்டு வாரேன். அவரு இல்லன்னா அந்தக் கப்பல் ஒரு நாள் ஓடாது, பாத்துக்கோ. நீ கேக்குற விஷயத்துல அவரை மிஞ்ச அங்க ஆளே கிடையாது.”

“பேரு?”

“ஃபெர்னாண்டோ. வார வழியில உங்க ஹால்ல பத்து நிமிஷம் நிப்பாட்டுதேன். சரியா? இங்கன இமிகிரேஷன்ல கூப்பிடுதாவ, வைக்கேன்.”

ஜெஃப்ரி நோட்டில் எழுதினான்: ‘ஃபெர்னாண்டோ. முக்கியமான ஆள். இந்த வினைச்சொல்லில் நிபுணர்.’ அடியில்: ‘சந்தேகம். இறங்குகிறார் என்றால் ஊர் பார்க்கவா, வேலை முடிந்தா? கேட்டிருக்க வேண்டும்.’ கேட்கவில்லை. சந்தேகத்தை எழுதிவிட்டால் தீர்ந்துவிட்டது என்பது அவன் பழக்கம்.

ஒரு சொல் கேட்டதற்கு ஒரு மனிதரே வருகிறார் என்றதும் சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் காலைக்குள் ஃபெர்னாண்டோ சிறப்பு விருந்தினர் ஆனார். மதியத்துக்குள் ‘பனாமா நாட்டின் பிரதிநிதி’ என்று தனி ஃப்ளெக்ஸே வந்துவிட்டது.

“ஃபெர்னாண்டோன்னா எங்க தெருவுலயே ஏழு வீடு இருக்கே சார்,” என்றாள் ஷீஜா.

“அவங்களுக்கு அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு? கடல் வழியாத்தானே வந்துச்சு? இவரும் கடல் வழியாத்தான் வாராரு.”

பிரதிநிதி என்றால் கொடி வேண்டுமே என்று ஜெஃப்ரி ஒரு தையல்காரரிடம் ஓடினான். பனாமா கொடியில் இரண்டு நட்சத்திரம் உண்டு என்றதும், போன கிறிஸ்துமஸுக்கு வெட்டி மிச்சமான நட்சத்திரங்களை, வாலோடு, அவர் அப்படியே வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

சாரின் மனைவி ஈவாஞ்சலின் டீச்சர் தன் பங்குக்கு நாற்பது முந்திரி மக்ரூன் வாங்கி, ஒவ்வொன்றின் தலையிலும் குச்சியில் ஒரு நாட்டின் காகிதக் கொடி குத்தி, மேடை மேசையில் கோபுரமாக அடுக்கினார். பக்கத்தில் ஓர் அட்டை: ‘போட்டோ எடுக்கும் வரை தொடாதீர்கள்.’

மணி ஐந்துக்கு ஷாமின் கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். கறுத்து, தடித்து, நாலு நாள் தாடியோடு, ஒரு பெரிய பெட்டியும் அட்டைப்பெட்டியில் கட்டிய டிவியுமாக வந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது.

“பனாமாக்காரரு நம்ம ஊர் ஆளு மாதிரியே இருக்காரே,” என்று முன் வரிசையில் யாரோ சொன்னார்கள்.

“மனித குலம் ஒன்னுன்னு இதுக்குத்தானே சொல்லுதேன்,” என்றார் சார்.

விருந்தினர் வாயைத் திறந்தார். அதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. மறுபடி திறந்தார். சார் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினார். “நோ, நோ சார்! நௌ நோ ஸ்பீக்! லாஸ்ட் ஒன்லி ஸ்பீக்! ஒன்லி பனாமா!”

விருந்தினர் ஷாமைத் தேடித் திரும்பினார். ஷாம் வண்டியை நிழலில் போடப் போயிருந்தான்.

மேடையில் உட்காரவைத்தார்கள். ஆரம்ப ஜெபம் பதினெட்டு நிமிடம். ஜெஃப்ரி மணி பார்த்துக் குறித்தான். உலக நாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆசீர்வதித்து முடித்து, பனாமாவுக்கு இரண்டு தடவை ஆசீர்வாதம் கேட்டார்கள். ஜெபம் முடிந்ததும் விருந்தினர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அதே கையை மக்ரூன் கோபுரத்தின் பக்கம் நீட்டினார். ஈவாஞ்சலின் டீச்சர் தட்டை இரண்டு சாண் நகர்த்தினார்.

“ஃபோட்டோ ஃபர்ஸ்ட், சார்.”

அடுத்து வரவேற்புரை. ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு நாகரிகமே இருக்கிறது என்றார் சார். “சீனாக்காரன் சாப்பிடுதேன்னு சும்மா சொல்ல மாட்டான், சோறு சாப்பிடுதேன்னு சேத்துத்தான் சொல்லுவான். பெங்காலிக்காரன் தண்ணியையும் சிகரெட்டையும் சேத்துச் சாப்பிடுவான். துருக்கிக்காரனுக்குச் சாப்பாடும் சாப்பிடுறதும் ஒரே சொல்லு!” கூட்டம் கை தட்டியது. விருந்தினரின் கை மறுபடி புறப்பட்டு, குவைத் கொடியைத் தொட்டது. டீச்சர் சிரித்துக்கொண்டே குவைத்தைப் பிடுங்கி இருந்த இடத்தில் வைத்தார்.

பிறகு மாணவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு சொல்லை மைக்கில் சொன்னார்கள். வெறும் சொல்லாக இருந்தால் உயிர் இருக்காது என்று சார் ஒரு நடிப்பும் சொல்லிக் கொடுத்திருந்தார்: ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், கன்னத்தை உப்பி, மெல்ல வேண்டும். அல்பேனியன் மென்றது. அரபு மென்றது. ஜெர்மன் வந்தபோது பொருத்தமாகவே ஒருவன் அசைபோட்டான். விருந்தினர் ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

“அவருக்கு என்னமோ செய்யுது,” என்று ஷீஜா ஜெஃப்ரியின் காதில் சொன்னாள்.

“உணர்ச்சிவசப்பட்டிருக்காரு.”

ஆனாலும் அவனுக்குள் சந்தேகம் அரித்தது. நோட்டில் எழுதினான்: ‘பனாமாக்காரர்கள் கோபம் வந்தால் நம்மைப் போலவே பல்லைக் கடிக்கிறார்கள். இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேனோ?’ எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்டு, அவர் பனாமாக்காரர் இல்லை என்று ஆகிவிட்டால்? கட்டம் வெள்ளையாகவே கிடக்கும். சான்றிதழ் பீரோவில் தூங்கும். மைத்துனன் நாற்காலியில் உட்காருவான். நோட்டை மூடினான்.

ஸ்வீடிஷ், தெலுங்கு, தாய், துருக்கி என்று மென்று முடித்து, கடைசியாக ஜூலுவும் விழுங்கிவிட்டுப் போனது. ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சார் எழுந்தார்.

“இப்பம் நாப்பதாவது மொழி! உலகத்துல எந்த மேடையிலயும் கேட்டிருக்க மாட்டிய!”

ஜெஃப்ரி மார்க்கரின் மூடியைக் கழற்றி ஃப்ளெக்ஸ் பக்கத்தில் போய் நின்றான். அந்த ஒரு சொல் விழுந்தால் போதும். அவன் எழுதிவிடுவான், திங்கட்கிழமை விடிந்துவிடும்.

சார் மைக்கை நீட்டினார். “சார். ப்ளீஸ். ஈட். பனாமா.” விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்த் தானும் ஒரு தடவை மென்று காட்டினார்.

விருந்தினர் மைக்கை வாங்கிக்கொண்டார். எழுந்து ஃப்ளெக்ஸ் அருகே போனார். முதல் கட்டத்தில் விரலை வைத்து வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். ஸ்வீடிஷுக்கும் தெலுங்குக்கும் நடுவே விரல் நின்றது. பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி அதே இடத்தில் நின்றது. பனாமா அறிஞர் ஏதோ ஆராய்கிறார் என்று சார் கூட்டத்துக்குக் கண்ணைக் காட்டினார்.

வண்டியிலேயே தூங்கிப்போயிருந்த ஷாம் அப்போதுதான் உள்ளே ஓடிவந்து, “அண்ணே, நேரமாச்சு, போவமா?” என்றான்.

விருந்தினர் அவனுக்குத் தலையை ஆட்டிவிட்டு, கோபுரத்தின் உச்சியில் இருந்த மக்ரூனைக் கொடியோடு எடுத்து, கொடியைப் பிடுங்கிச் சாரின் கையில் வைத்துவிட்டு, மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“ஒம்பது மாசம் கப்பல் குசினியில நின்னு இருபது பேருக்குச் சோறாக்கிப் போட்டுட்டு, வெள்ளன ஆறு மணிக்கு எறங்குனதுலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம மணப்பாட்டுக்கு, என் வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி, இத்தனை பேரு இருந்தும் ஒருத்தராவது ‘சாப்பிட்டியா’ன்னு ஏன் கேக்கலன்னு இப்பம்லா புரியுது, இந்த முப்பத்தொம்பதுல நம்ம தமிழே இல்லையே!”