வலி நின்றதற்கு நார்சா

அன்புள்ள தாஹா காக்காவுக்கு, தங்கை மர்ஜானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் உங்கள் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் காத்து நிற்கட்டும்.

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் "வாப்பாக்கு கால் எரிச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "இப்ப எரியவே இல்ல காக்கா" என்றேன். அது பொய் இல்லை. ஏன் எரியவில்லை என்பதைச் சொல்லவில்லை. வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போனதையும், அவற்றை எடுத்தாக வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னதையும் சொல்லவில்லை. உம்மா பின்னால் நின்று, "கேமராவ முட்டுக்கு மேலேயே புடி, புள்ள பயந்துரும்" என்று என்னைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளைக்கு நாற்பது வயதாகப் போகிறது.

சர்க்கரை வந்ததிலிருந்து வாப்பாவுக்குப் பாதம் எரிவது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அது தானாக நின்றது. தான் கொடுத்த வேப்பெண்ணெய்தான் காரணம் என்று பக்கத்து வீட்டு நஸீரா மாமி தெருவெல்லாம் சொல்ல, உம்மா யாசீன் ஓதவைத்து, வீட்டுக்கு வீடு நார்சா இனிப்பு கொடுக்கத் தொதல் அல்வா கிண்ட, "குணமானவன் நான்தான கொண்டுபோய்க் குடுக்கணும்" என்று வாப்பாவே தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஒரு கருவமுள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் நிற்பது தெரியாமல் கீழக்கரையின் பாதித் தெருக்களை நடந்து முடித்துவிட்டார். கடைசியாக மாமி வீடு. "தட்டு ஒழுகுதா பாருங்க, தரையெல்லாம் ஈரமா இருக்கு" என்றார் மாமி. வாப்பா குனிந்து பார்த்துவிட்டு, "யாரு ரத்தம் இது?" என்று கேட்டார்.

அந்த முள்ளுப் புண் பழுத்து விரல்கள் கறுத்த பிறகுதான் மதுரைக்குப் போனோம். "வலி குணமாகலம்மா, வலியச் சொல்ற நரம்பு செத்துப்போச்சு" என்றார் டாக்டர். அப்புறம் நான் தேடிப் படித்தேன். கால்விரலிலிருந்து இடுப்புவரை ஒரே இழையாக நரம்பு வருகிறது. உடம்பிலேயே நீளமான இழைகள் இவைதாம். சர்க்கரை நீளமானதைத்தான் முதலில் தின்னும், அதனால்தான் நுனியிலிருந்து மரத்துக்கொண்டு வருகிறது. முள் குத்திய சேதி தண்டுவடத்துக்கு வந்ததுமே, அது மூளையைக் கேட்காமல் காலை இழுத்துவிடும். மூளைக்கு அப்புறம்தான் தெரியும். நம் வீட்டில் உம்மா தண்டுவடம். மூளை நீங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கோபிக்காதீர்கள் காக்கா, மூளைக்குத் தானாக எதுவும் தெரியாது, யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

இப்போது நிலைமை இதுதான். "தாஹா சரின்னு சொன்னாத்தான் கத்தி வைக்க விடுவேன்" என்கிறார் வாப்பா. அடுத்த மூச்சிலேயே, "தாஹாக்கு யாரும் சொல்லிராதீங்க, வேலைய விட்டுட்டு வந்துருவான்."

"சொல்லாம எப்படிங்க அவர் சரின்னு சொல்வாரு?" என்றார் டாக்டர்.

"அவனாக் கேக்கட்டும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாள் தள்ளினால் காலே போய்விடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். போனில் சொல்ல மாட்டேன் என்று உம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுத மாட்டேன் என்று வாங்க மறந்துவிட்டார். ஹாஜா முகைதீன் மாமா நாளைக்கு ஷார்ஜா வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்த உடனே வாப்பாவைக் கூப்பிட்டு, நீங்களாகக் கேட்பதுபோல் கேட்டு, சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கும் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், முள் குத்தினால் வலிக்கிற பாதங்களையும் தரட்டும்.

இப்படிக்கு,
மர்ஜானா

பின்குறிப்பு: மாமாவின் பயணம் தள்ளிப்போனதால் கடிதம் இங்கேயே கிடந்தது. "தாஹா சரின்னுட்டான்" என்று உம்மா வாப்பாவிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார். வாப்பா கேட்டால் நீங்கள் சொன்னதாகவே இருக்கட்டும். வியாழக்கிழமை இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து அந்த இரண்டு விரல்களும் எரிகின்றன என்கிறார் வாப்பா.