சனியின் கன்னத்தில் ஒரு கறை

அந்த ஊரில் யாருக்கும் கழுத்து நேராக நிற்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தபடியே நடந்தார்கள். இரண்டு பேர் சாக்கடையில் விழுந்தார்கள். ஒருவர் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார். மூவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "சனி சரியில்லைங்க." நடை சரியில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கைங்கரியத்தைச் செய்தவர் கிரக ரட்சகர். பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் பீரங்கி மாதிரி ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, அதில் கேமராவைச் சொருகி, கேமராவிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு வயரை இழுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அவரவருடைய சொந்தச் சனியைப் படம் பிடித்துக் கொடுத்தார். ஆமாம், சொந்தச் சனி! உங்கள் சனி வேறு, உங்கள் மைத்துனர் சனி வேறு. இத்தனை சனிக்கும் வானத்தில் இடம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே! வரிசை படிக்கட்டில் இறங்கி, தெருமுனைத் தையற்கடை வரைக்கும் நின்றது.

முறை இதுதான். மாடியில் விளக்கை அணைத்துவிடுவார்கள், கிரகத்துக்குக் கண் கூசுமாம். வந்தவர் குழாயின் வாயருகே போய்த் தன் பெயரை மெதுவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் ரட்சகர் கணினியின் முன் உட்கார்ந்து எதையோ தட்டுவார். திரையில் தங்க நிறத்தில் சனி மிதந்து வரும். அகன்ற வளையம், பளபளப்பான உடம்பு, வலது கன்னத்தில் ஒரு கறை. அந்தக் கறைதான் உங்கள் கஷ்டம். அது கரைய வேண்டுமானால் இன்னும் சில முறை வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நோயும் படம், மருந்தும் படம், கட்டணம் மட்டும் நிஜம்.

ரட்சகர் முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். கோபித்துக்கொண்டு வராத தாய்மாமனைக்கூடச் சாப்பாட்டுப் பந்தியில் சிரித்தபடி உட்கார்ந்திருப்பதாக ஒட்டிக் கொடுத்த கெட்டிக்காரர். இதை ஊரே அறியும். அறிந்தும் வரிசையில் நின்றது.

நிற்காத ஒருத்தி பல் டாக்டர். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஓர் அலுவலகத்தில் கணக்கர். அவனுடைய அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. காப்பியடிக்கிற பிள்ளையை, அது பேனா மூடியைத் திறக்கும் முன்பே பிடித்துவிடுகிறவர் என்று பெயரெடுத்தவர். அந்த அம்மாள் ஒரு மாலை டாக்டரின் கிளினிக்குக்கு வந்து, நோயாளி நாற்காலியில் சாய்ந்து, சட்டம் போட்ட படம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.

"இது என் சனிம்மா. கறை பாதி போயிடுச்சு பாரு."

டாக்டர் படத்தை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உன்னோடதையும் எடுத்துடலாம். கறை இருந்தா கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்."

"எவ்வளவு நாள் தள்ளி, அத்தை?"

"கறை போற வரைக்கும்."

சிரிப்பு போய்விட்டது. கிளினிக்குக்கு மேலே குடியிருக்கும் பெண்ணின் சனியில் கறை என்று அவள் கல்யாணத்தைத் தள்ளி வைத்தவர்கள் இன்னும் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறார்கள். டாக்டருக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. தன் வீட்டில் துணி காயப்போடும் மாடியில் அவளும் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்து கிரகங்களை வீடியோ எடுப்பாள். காற்றின் ஆட்டத்தில் ஆயிரம் படத்துக்குப் பத்துதான் தேறும், சொந்தக்காரர்கள் மாதிரி. தேறியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு தெளிவான படம் கிடைக்கும். அலுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பிடித்துக்கொள்பவன் அவன்தான். அவனை ஒரு கறைக்காக இழப்பதா?

"அத்தை, இந்த வருஷம் சனியோட வளையம் விளிம்பு காட்டி நிக்குது. போன வாரம் நான் எடுத்தேன். பாருங்க, ஊசி மாதிரி ஒரு கோடுதான். உங்க படத்துல பந்தல் மாதிரி விரிஞ்சிருக்கு. இது என்னைக்கோ எடுத்த பழைய படம், அத்தை."

அத்தை அவளுடைய கைப்பேசியை எட்டிப் பார்த்தார். "உன்னோடது விளையாட்டுச் சாமான்மா. அவரோடது எவ்வளவு பெரிசு!"

குழாய் பெரிசாக இருந்தால் உண்மையும் பெரிசாக இருக்கும் போலும். வாதாடிப் பயனில்லை என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கே வருகிறேன் என்று அத்தையிடம் சொன்னாள். அன்று இரவே மாப்பிள்ளையைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"உங்கம்மா குளிக்கும்போது தலையில மாட்டுவாங்களே, வாத்துப் படம் போட்ட தொப்பி, அதை எடுத்துட்டு வாங்க."

"ஐயோ, அம்மா கொன்னுடுவாங்க!"

"கல்யாணம் வேணுமா, உயிர் வேணுமா?"

அவன் கணக்கர் அல்லவா, கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்த்தான். "ரெண்டும் வேணும். ஆனா எதுக்கு அந்தத் தொப்பி? நீதான் உன் குழாய்க்குத் தூசி படாம ஒண்ணு மாட்டி வச்சிருக்கியே?"

"என்னோடதுன்னா நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணினேன்னு சொல்லுவாங்க. அவங்க தொப்பியை அவங்களே சந்தேகப்பட முடியாதுல்ல?"

மறுநாள் மாலை. மாடி நிறையக் கூட்டம். விளக்கை அணைத்தார்கள். டாக்டர் அடக்க ஒடுக்கமாகக் குழாயருகே போனாள். பெயரைச் சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த தொப்பியை விரித்து, குழாயின் வாயில் மாட்டினாள். எலாஸ்டிக் சத்தமில்லாமல் கவ்விக்கொண்டது. உள்ளே கனத்த துணி வைத்துத் தைத்த தொப்பி அது. தண்ணீரே புகாது, சனி எங்கே புகும்?

ஆனால் புகுந்துவிட்டதே! ரட்சகர் தட்டினார், திரையில் தங்கச் சனி மிதந்தது. வளையம் பந்தல் மாதிரி விரிந்திருந்தது. டாக்டர் என்பதாலோ என்னவோ, கறை வழக்கத்தைவிடப் பெரிசாக இருந்தது.

"அடக் கடவுளே!" என்று அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா, கரைச்சுடலாம்," என்றார் ரட்சகர். "கொஞ்சம் கூடுதலா ஆகும், அவ்வளவுதான்."

"ஐயா, இது இப்ப எடுத்த படம்தானே?" டாக்டர் பணிவாகக் கேட்டாள்.

"இந்த நிமிஷம் எடுத்ததும்மா! உன் பேரைக் கேட்டதும் சனி திரும்பிப் பார்த்துச்சே, கவனிக்கலையா?"

"இந்தக் குழாய் வழியாவா?"

"பின்னே, சாவித் துவாரம் வழியாவா?"

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தாள். "அத்தை, இங்க வந்து குழாயோட வாயைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

அத்தை வந்தார். தடவினார். கை நின்றது. மறுபடி தடவினார். "விளக்கைப் போடுங்கடா!" என்று ஒரு குரல் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. மூன்று பேர் ஓடிப்போய் விளக்கைப் போட்டார்கள். பீரங்கியின் தலையில் நீல நிறத் தொப்பி. அதில் மஞ்சள் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

"இது என் தொப்பியாச்சே!"

மாப்பிள்ளை மெல்லத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்ந்தான். திரையில் சனி மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

ரட்சகர் லேசில் விடுகிற ஆளா? "சனியோட பார்வை சாதாரணமானதா? தொப்பியையும் துளைச்சுக்கிட்டு வரும்!"

நம்புவீர்களோ மாட்டீர்களோ, கூட்டத்தில் பாதி "ஆமாமா" என்று தலையாட்டியது. டாக்டர் அத்தையைப் பார்த்தாள். இதற்கும் மசியவில்லை என்றால் இனி என்ன செய்வது?

அத்தை தலையாட்டவில்லை. தொப்பியைக் கழற்றவும் இல்லை. குழாயைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளித் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திருப்பினார். திரையில் சனி அசையவே இல்லை. அதே இடம், அதே வளையம், கன்னத்தில் அதே கறை.

"தொட்டிக்குள்ளேயும் சனி இருக்கா?" என்றார் தையற்கடைக்காரர்.

"தொப்பியைத் துளைச்சுக்கிட்டு வரும்னா எங்களை எதுக்குய்யா மாடி ஏற வச்சே? கீழேயே எடுத்திருக்கலாமே!" என்றது மூட்டுவலிக்காரர் ஒருவரின் குரல். பகுத்தறிவு சில பேருக்கு முழங்கால் வழியாகத்தான் வருகிறது.

அத்தை ரட்சகரைப் பார்த்தார். "காப்பியடிச்சதே தப்பு. அதையும் பழைய வருஷத்துப் பேப்பரைப் பார்த்து அடிச்சிருக்கே! எழுந்து நில்லுடா!"

ரட்சகர் எழுந்து நின்றார். கையைக்கூடக் கட்டிக்கொண்டார். வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவரைக் கீழே இறங்க விட்டார்கள்.

அத்தை டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நல்லவேளைம்மா. இவன் பேச்சைக் கேட்டு உன்னை விட்டிருப்பேனே!" பிறகு தொட்டியின் பக்கம் திரும்பினார். "டேய், வெளியே வா. தேதியில மாத்தம் இல்ல. தொப்பியை நல்லாத் துவைச்சுக் குடு."

அடுத்த மாலை டாக்டர் தன் வீட்டு மாடிக்கு எல்லோரையும் கூப்பிட்டு உண்மையான சனியைக் காட்டினாள். திரையில் பட்டாணி அளவு வெளிச்சம் நடுங்கியது. குறுக்கே ஊசி போல ஒரு கோடு.

"இவ்வளவு சின்னதா?" தையற்கடைக்காரருக்கு ஏமாற்றம்.

"ரொம்ப தூரத்துல இருக்குங்க. நம்ம ஊரே அதுக்குத் தெரியாது. உங்க கடையா தெரியப் போகுது?"

அவர் முகம் தெளிந்தது. பிறகு டாக்டரின் காதருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "அது சரிம்மா. வியாழன்ல எனக்கு ஏதாச்சும் கறை தெரியுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லேன்," என்றார்.

பாவம், டாக்டர் என்ன செய்வாள்? குளியல் தொப்பியைக் குழாய்க்கு மாட்டினால் ஒரு கிரகமும் தெரியாது. மூளைக்கு மாட்டிக்கொண்டால் அத்தனை கிரகமும் தெரியும், கறையோடு. உங்கள் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.